ஃபைபரோடு இலவசமாக வரும் தள டிசைன்: எவ்வளவு நம்பலாம்?

ஸ்டீல் ஃபைபர், அதாவது கான்கிரீட்டில் கலக்கும் சின்ன எஃகுக் கம்பித் துண்டுகள், விற்பவர்கள் ஃபைபரோடு ஒரு சேவையையும் தருகிறார்கள். ரேக்கின் கால் பாரம், ஃபோர்க்லிஃப்டின் சக்கரப் பாரம், மண் எவ்வளவு தாங்கும் என்ற விவரங்களை அனுப்பினால் போதும். தளம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு எத்தனை கிலோ ஃபைபர் என்று கணக்குப் போட்டு அறிக்கையாக அனுப்பிவிடுகிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கிடங்கு, தொழிற்சாலைத் தளங்களின் டிசைனைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால் இந்த மாதிரி அறிக்கைகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். அண்மையில் வந்த ஒன்றை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்தவரை மற்றவர்களின் அறிக்கைகளும் கிட்டத்தட்ட இதே அச்சில்தான் இருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கை கேட்ட வேகத்தில் வந்தது. எந்த முறையில் கணக்குப் போட்டோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள்: தொழிற்சாலைத் தளங்களுக்காகப் பிரிட்டனின் கான்கிரீட் சொசைட்டி 2013-ல் வெளியிட்ட டிஆர் 34 வழிகாட்டியின் நான்காம் பதிப்பு. பாரங்களை மாற்றிப் பார்க்கச் சொன்னபோது முகம் சுளிக்காமல் திரும்பப் போட்டு அனுப்பினார்கள். ஜாயின்ட், அதாவது தளத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் இணைப்பு, எங்கெங்கே வரவேண்டும் என்ற வரைபடமும் இருந்தது. பல ஆலோசகர்கள் காசு வாங்கிக்கொண்டு தருவதைவிட இது தெளிவாகவே இருந்தது.

இனி கணக்குக்கு வருவோம். தளம் 180 மி.மீ., கான்கிரீட் சி32/40 என்ற வலிமை ரகம், கன மீட்டருக்கு 30 கிலோ ஃபைபர். ஃபைபர் 50 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிமன், முனை வளைந்த வகை. விரிசல் விட்ட பிறகு மிஞ்சும் இழுவலிமையாக எஃப்ஆர்1-க்கு 2.0, எஃப்ஆர்4-க்கு 1.6 மெகாபாஸ்கல் என்று எடுத்திருந்தார்கள். இவை இஎன் 14651 பீம் சோதனையில் கிடைக்கும் எண்கள். 150 மி.மீ. சதுரப் பீமின் அடியில் 25 மி.மீ. வெட்டுப் போட்டு நடுவில் அழுத்துவார்கள். வெட்டின் வாய் 0.5 மி.மீ. திறக்கும்போது பீம் தாங்குவது எஃப்ஆர்1, 3.5 மி.மீ. திறக்கும்போது தாங்குவது எஃப்ஆர்4.

மண்ணின் மேல் கிடக்கும் தளத்துக்கு டிஆர் 34 எடுத்துக்கொள்வது மேயர்ஹாஃப் 1962-ல் தந்த சூத்திரங்களை. தளம் எந்தக் கோடுகளில் விரிசல் விட்டு மடங்கும் என்பதை வைத்து வலுவைக் கணிக்கும் யீல்டு லைன் கோட்பாட்டின் வழியில் வந்தவை அவை; அதை வளர்த்தெடுத்தவர் டென்மார்க்கின் யோஹான்சன். ரேக்கின் கால் தளத்தின் நடுவில் அழுத்துகிறது. அடிப்பக்கம் காலைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கிறது. ஃபைபர் அந்த விரிசல்களைப் பிடித்துக்கொள்வதால் பாரம் சுற்றுப்புறத்துக்குப் பரவுகிறது. கடைசியில் காலிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேல்பக்கத்தில் வட்டமாக ஒரு விரிசல் விழுகிறது. சூத்திரம் அதையே தளத்தின் முடிவாகக் கொள்கிறது.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தக் கடைசிக் கணம் வரை மேல்பக்கம் விரிசல் விடவில்லை. ஆகவே மேல்பக்க மொமென்டை (தளம் வளைவைத் தாங்கும் திறனை) கணக்கிடும்போது வெறும் கான்கிரீட்டின் வளைவு இழுவலிமையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபைபரின் எண்கள் நுழைவது அடிப்பக்க மொமென்டில் மட்டும்தான். இந்தத் தளத்துக்கு நானே கையால் போட்டுப் பார்த்தேன். பொருளுக்கான பாதுகாப்புக் காரணி 1.5 போட்ட பிறகு அடிப்பக்க மொமென்ட் மீட்டருக்கு 6.8 கிலோநியூட்டன் மீட்டர், மேல்பக்கம் 15.3, மொத்தம் 22.1. அதாவது தளத்தின் நடுவில்கூடக் கிட்டத்தட்ட 70 சதவீதம் வெறும் கான்கிரீட்டிலிருந்து வருகிறது. ஃபைபர் தருவது மீதி 30 தான்.

அறிக்கையைப் படிக்கும் வாடிக்கையாளருக்கு இது தெரியவே தெரியாது. 30 கிலோ ஃபைபர்தான் தளத்தைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். ஃபைபரின் உண்மையான வேலை வேறு. அடிப்பக்கம் வெடித்த பிறகும் தளம் சட்டென்று உடையாமல் பாரத்தைப் பரப்ப வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் இரண்டு மொமென்ட்களையும் கூட்டிப் போடும் உரிமையே கிடையாது. விரிசலற்ற தளத்துக்கு வெஸ்டர்கார்ட் 1926-ல் சொன்ன மீள்தன்மைக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஓரத்துக்கும் மூலைக்கும் போனால் கதை இன்னும் மாறுகிறது. இதே தளத்தில் 135 மி.மீ. சதுர பேஸ் பிளேட் (அடித்தகடு) உள்ள ஒரு கால், மண்ணின் விறைப்பைச் சொல்லும் கே மதிப்பு ஒரு கன மில்லிமீட்டருக்கு 0.05 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சுமார் 218 கிலோநியூட்டன் தாங்கும். இணைப்பில்லாத ஓரத்தில் 108. மூலையில் 53. நடுவுக்குப் பாதி ஓரம், ஓரத்துக்குப் பாதி மூலை. மூலைக்கான சூத்திரத்தில் அடிப்பக்க மொமென்டுக்கு இடமே இல்லை, மேல்பக்கம் மட்டும்தான். ஆகவே ஃபைபரை 30-லிருந்து 60 கிலோவாக ஏற்றினாலும் மூலையில் விடை ஒரு கிலோநியூட்டன்கூடக் கூடாது.

அறிக்கை கணக்குப் போட்டிருந்தது நடுவுக்கு மட்டும். ஓரத்தைப் பற்றி ஒரே வரி: ‘ஜாயின்ட்களில் டவல் உண்டு, எனவே நடுப்பகுதியாகக் கொள்ளப்படுகிறது’. டவல் என்பது ஜாயின்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் எஃகுத் தண்டு. அது பாரத்தில் சரிபாதியைப் பக்கத்து ஸ்லாபுக்குக் கடத்தினால் இந்த எடுகோள் சரிதான், 108 இருமடங்காகி 216-ஐத் தொட்டுவிடும். ஆனால் அதே அறிக்கையின் வரைபடத்தில் பேனல்கள், அதாவது ஒரு ஜாயின்டிலிருந்து அடுத்தது வரையிலான துண்டுகள், 30 மீட்டர் நீளம். உலரும்போது கான்கிரீட் பத்து லட்சத்தில் 500 பங்கு சுருங்கும் என்பது சாதாரண மதிப்பு. 30 மீட்டருக்கு அது 15 மி.மீ. தரையின் உராய்வு கொஞ்சம் தடுத்தாலும் ஜாயின்ட் கணிசமாகத் திறந்துவிடும். அவ்வளவு திறந்த ஜாயின்டில் எந்த டவல், எந்தத் தடிமன், பாதிப் பாரத்தைக் கடத்துமா என்று அறிக்கையில் எங்கும் இல்லை. கேட்டேன். மறுமுனையில் பேசிய இளம் பொறியாளர் மறைக்காமல் சொன்னார்: “சார், சாஃப்ட்வேர்ல அதுக்கு ஆப்ஷன் இல்ல, நாங்க நடுவுக்கு மட்டும்தான் ஓட்டுவோம்.” அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

சுருக்கத்தால் ஜாயின்ட் திறப்பது ஒரு பக்கம். தளம் சுருங்க முயலும்போது தரை பிடித்துக்கொள்வதால் கான்கிரீட்டில் இழுவிசை தங்கிவிடுவது இன்னொரு பக்கம். மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட வேகமாக உலர்வதால் ஓரங்கள் மேல்நோக்கி வளைவதும் உண்டு. அப்போது மூலைக்குக் கீழே மண்ணே தொடாமல் போகும். சூத்திரமோ மண் முழுக்கத் தொட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

இதன் எடையைப் பார்க்க ஒரு சோதனைக் கணக்கு. தங்கிப்போன சுருக்க இழுவிசை 1 மெகாபாஸ்கல்தான் என்று வைப்போம். மேல்பக்க மொமென்ட் 15.3-லிருந்து 9.9-க்கு இறங்குகிறது. நடுப்பகுதியின் வலு 24 சதவீதம் போகிறது, மூலையில் 35 சதவீதம். இப்போது சுருக்கத்தை விட்டுவிட்டு, ஃபைபரின் வலிமை அறிக்கையில் சொன்னதில் பாதிதான் என்று வைத்துப் பாருங்கள். நடுவில் 15 சதவீதம் போகிறது, மூலையில் ஒன்றுமே போவதில்லை. பாதி ஃபைபரை இழப்பதைவிடச் சரியாகத் தண்ணீர் காட்டாத க்யூரிங் தளத்தை அதிகமாகக் கெடுக்கும். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது ஒப்பந்தக்காரர் உட்பட ஒருவரும் நம்பவில்லை. கணக்கைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு எண்கள், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் பணம் போடும் இடம் இதுதான். ஃபைபரை அதிகமாகப் போட்டு மிஞ்சும் வலிமையை இரண்டு மடங்காக்கினால் நடுப்பகுதியின் வலு 31 சதவீதம் கூடும். தடிமனை 180-லிருந்து 200 மி.மீ. ஆக்கினால், மொமென்ட் தடிமனின் வர்க்கத்தோடு போவதால், 20 சதவீதத்துக்கு மேல் கூடும். அதுவும் மூலை வரை எல்லா இடத்திலும். இதன் மறுபக்கமும் உண்மை. தரை சமமாக இல்லாமல் ஓர் இடத்தில் தளம் 170 மி.மீ. ஆகிவிட்டால் அங்கே 11 சதவீதம் போச்சு. ‘தடிமன் குறைவதற்கு எவ்வளவு விட்டுவைத்தீர்கள்’ என்ற கேள்விக்கும் அறிக்கையில் பதில் இல்லை.

மண்ணின் கே மதிப்பைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஒற்றைக் கால் பாரத்துக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. கே பாதியானாலும் தளத்தின் ஒப்பு விறைப்பு ஆரம் (பாரம் எவ்வளவு தூரம் பரவும் என்பதன் அளவு) 760-லிருந்து 900 மி.மீ.க்குப் போகும், அவ்வளவுதான். தொடக்கத்திலிருந்தே மண் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, இவ்வளவு குறை சொல்கிறேனே, இந்த முறை நம்பத் தகாததா? மண்மேல் கிடக்கும் தளம் உடைந்து விழுவதைப் பொறுத்தவரை இது நம்பத் தகுந்தது என்றே சொல்வேன். ஆய்வகங்களில் முழுத் தடிமனில் ஸ்லாப் போட்டு அழுத்திய சோதனைகளில் தளங்கள் பொதுவாக மேயர்ஹாஃப் கணக்கைவிடக் கூடுதலாகவே தாங்கியிருக்கின்றன. கோட்பாட்டின்படி யீல்டு லைன் தருவது மேல்வரம்பு விடை, உண்மையான வலு அதைவிடக் குறையலாம். நடப்பில் ஸ்லாபுக்குள் எழும் நெருக்கு விசையும் மண்ணின் உதவியும் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. ஒன்றை மறக்கக் கூடாது. ஆய்வக ஸ்லாப் சிறியது, புதியது, சீரான அடித்தளத்தில் கிடப்பது. 30 மீட்டர் பேனலாக ஒரு வருடம் உலர்ந்து ஓரம் தூக்கிய தளத்தை யாரும் அங்கே அழுத்திப் பார்ப்பதில்லை. அப்புறம், தள உரிமையாளர்கள் எனக்கு ஃபோன் செய்வது தளம் உடைந்ததற்காக அல்ல, விரிசலுக்காக. விரிசல் எப்போது வரும், எவ்வளவு அகலம் என்று இந்த முறை சொல்வதே இல்லை.

அடுத்து, ஃபைபர் வலிமைக்கு எடுத்த அந்த 2.0-வும் 1.6-ம் எங்கிருந்து வந்தன? சோதனை அறிக்கையை இணைப்பாக அனுப்பச் சொன்னேன். மூன்று பீம்கள். கான்கிரீட்டும் வேறு, எங்களுடையதைவிட வலிமை கூடியது. ஃபைபர் கான்கிரீட் பீம்களில் 20, 25 சதவீதம் சிதறல் சாதாரணம். காரணம் எளிது. உடையும் பரப்பு 150-க்கு 125 மி.மீ. 30 கிலோ அளவில், ஃபைபர்கள் எல்லாத் திசையிலும் சமமாகக் கிடந்தால், அந்தப் பரப்பைக் குறுக்கே கடப்பவை சுமார் 45. ஒரு பீமில் 38, இன்னொன்றில் 53 என்று வந்தால் அதில் யார் தப்பும் இல்லை. தற்செயலே அவ்வளவு ஆட்டம் போடும்.

சிதறல் 25 சதவீதம் என்று வைத்து, ஐரோப்பியக் கட்டுமான விதியான யூரோகோடின் இஎன் 1990 சொல்லும் புள்ளியியல்படி, 95 சதவீதம் தாண்டிவிடும் என்று நம்பக்கூடிய எஃப்ஆர்1 மதிப்பைக் கணக்கிட்டேன். சராசரி 2.0-தான். நிறைய பீம்கள் இருந்தால் 1.18 கிடைக்கும். பத்து பீம்கள் என்றால் 1.04. ஆறு என்றால் 0.91. மூன்றே பீம்கள் என்றால் 0.32! ஃபைபர் அதேதான், கான்கிரீட் அதேதான். நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. அறிக்கை சராசரியை எடுத்துக்கொண்டு, பீம்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

மண்மேல் கிடக்கும் தளத்தில் சராசரியை எடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு காலைச் சுற்றி உருவாகும் யீல்டு லைன்கள் மொத்தம் 4 மீட்டர் என்றாலே, உடையும் பரப்பு பீமைப் போல 38 மடங்கு. இங்கே குறைந்த ஃபைபரை அங்கே கூடியது ஈடுகட்டும். ஜெர்மன் வழிகாட்டி இதற்கென்றே அளவுக் காரணி ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் இப்படி ஈடாவது ஒரே லோடுக்குள் நடக்கும் சிதறல்தான். மிக்சரில் ஒரு மூட்டை குறைந்துவிட்டால் அந்த 6 கன மீட்டரும், அதாவது தளத்தில் 33 சதுர மீட்டரும், மொத்தமாகக் குறைவான ஃபைபரோடு கிடக்கும். அதைச் சராசரி காப்பாற்றாது. இஎன் 14721 முறையில் ஈரக் கான்கிரீட்டைக் கழுவி ஃபைபரை எடுத்து எடை போடுவதுதான் வழி. அறிக்கையில் அதற்கு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கான்கிரீட் வேறு என்பதும் சின்ன விஷயம் அல்ல. முனை வளைந்த ஃபைபர் வேலை செய்வது மெல்ல உருவி வெளியே வரும்போதுதான். கான்கிரீட் மிக வலுவாகவும் ஃபைபரின் எஃகு சாதாரணமாகவும் இருந்தால் உருவி வராமல் அறுந்துவிடும். எஃப்ஆர்1 நன்றாக இருக்கும், எஃப்ஆர்4 சரியும். வேறொரு கலவையின் சோதனையை இங்கே ஒட்டுவதை நான் ஏற்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய குறைகள். தாங்கமுடியாதது அறிக்கையின் கடைசிப் பகுதியில் இருந்தது. கட்டடத்தில் சரக்கு ஏற்றும் முனையை ஒட்டிய ஒரு பட்டைக்குக் கீழே மண் மோசம், அங்கே தளம் பைல்கள் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கிறது. அந்தப் பட்டைக்கும் அதே 180 மி.மீ., அதே 30 கிலோ, அதே சராசரி எண்கள். பைல்களை நெருக்கமாக வைக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

பைல்மேல் நிற்கும் தளம் வேறு ஜாதி. கீழே மண் இறங்கிப் போனதும் தளம் பைலுக்குப் பைல் தாவி நிற்கிறது. பைல் தலைக்கு மேலே தளத்தின் மேல்பக்கமும் விரிசல் விடும். அப்போது வெறும் கான்கிரீட்டின் 15.3-ஐக் கணக்கில் சேர்க்கவே கூடாது, இரண்டு பக்கமும் ஃபைபர் மட்டும்தான். 22.1 என்பது 13.6 ஆகிறது. இங்கே ஒரு வரிசை விரிசல் திறந்தால் தாங்க வேறு வழி இல்லாததால் சராசரியை எடுக்க முடியாது. ஆறு பீம்களின் புள்ளியியலைப் போட்டால் 6.2. மண்மேல் 22 என்று காட்டிய அதே தளம், பைல்மேல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சர்வதேச கான்கிரீட் கூட்டமைப்பின் 2010 மாடல் கோடு இதை நேரடியாகவே தடுக்கிறது. கம்பியின் இடத்தை ஃபைபர் பிடிக்க வேண்டுமானால், எஃப்ஆர்1-ன் குறைந்தபட்ச மதிப்பு விரிசல் வலிமையில் 0.4 பங்குக்கு மேல் இருக்கவேண்டும், எஃப்ஆர்3 (வெட்டின் வாய் 2.5 மி.மீ. திறக்கும்போது தாங்குவது) அந்த எஃப்ஆர்1-ல் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். ஆறு பீம் தரும் 0.91-ஐ வைத்துப் பார்த்தால் முதல் நிபந்தனையிலேயே 30 கிலோ தோற்றுவிடும். தூண்கள்மேல் நிற்கும் ஃபைபர் ஸ்லாப்கள் உலகில் இல்லாமல் இல்லை, அமெரிக்க கான்கிரீட் கழகம் 2015-ல் அதற்கென்றே தனி அறிக்கை போட்டது. ஆனால் அங்கே ஃபைபர் அளவு இதைவிட மிக அதிகம், தூணுக்குத் தூண் கீழே கம்பியும் ஓடுகிறது, ஓரிடம் போனாலும் தளம் மொத்தமாக இறங்காமல் இருக்க.

இதை எழுதி அனுப்பினேன். பைல் பட்டைக்குக் கம்பி போட்டுத் திருத்திய டிசைன் வந்தது, வாதம் செய்யவில்லை. மண்மேல் பகுதிக்கு எங்கள் கலவையிலேயே பீம் போட்டுச் சோதிக்கவும், ஜாயின்ட் ஓரங்களுக்குத் தனிக் கணக்குத் தரவும் ஒப்புக்கொண்டார்கள். கூடவே, செலவு குறையும் என்று பிளாஸ்டிக் ஃபைபரில் ஒரு மாற்று யோசனையும் வந்தது. ரேக் பாரம் வருடக்கணக்கில் அசையாமல் நிற்பது. பாலிப்ரோப்பிலீன் அப்படி நீடித்த இழுப்பில் மெல்ல நீண்டுகொண்டே போகும், பிடித்த விரிசலும் கூடவே அகலும். சில நிமிடங்களில் முடியும் பீம் சோதனையில் இது தெரியாது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

மண்மேல் தளத்துக்கு இந்தச் சேவையைத் தொடக்கக் கணக்காக மறுபடியும் வாங்குவேன், மற்றவர்களுக்கும் சொல்வேன். மேல்பக்க மொமென்ட், அடிப்பக்க மொமென்ட் இரண்டையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஓரம், மூலை விடைகளையும் பீம்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த அறிக்கையை விலைப்பட்டியலோடு சேர்த்து வையுங்கள். பைல்மேல் தளத்துக்கு இந்தச் சேவையை ஏற்க மாட்டேன். இன்னொன்று: அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இது வழிகாட்டுதலுக்கு மட்டும், பொறுப்பு திட்டத்தின் பொறியாளருடையது’ என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடப்போகும் பொறியாளர் அந்தப் பக்கத்தை முதலில் படிக்கட்டும்.